சுடலையில் யோகநாதனுக்கு ஓர் இடம்

சனம் இருக்கக் கதிரையும் ஒதுங்கக் கொட்டகையும் வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: எந்தச் சமயத்தாருடைய நல்லது கெட்டதுக்கும் அழைப்பு இல்லாமலே போய் வரலாம். ஒரு வசதியீனமும் உண்டு: கடைசி ஆள் எழும்பிப் போகும்வரை நாங்கள் போக முடியாது. மைக் செற் பூட்டுகிறவர்களே, பந்திக்குச் சமைக்கிறவர்களே, மணவறை சோடிக்கிறவர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். காத்துக் கிடக்கிற எங்களுக்கு உள்ள ஒரே பொழுதுபோக்கு, சனம் ஏன் இப்படிச் செய்கிறது என்று யோசிப்பதுதான். கிளிநொச்சியில் கடை வைத்து, இரணைமடுவுக்கு அங்காலும் இங்காலும் கதிரை ஏற்றி இறக்கியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இவை.

நிறம் பார்த்து வாங்குங்கள்

பிளாஸ்டிக் கதிரை வாங்கும்போது நிறம் முக்கியம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாதியைச் சிவப்பிலும் பாதியை நீலத்திலும் வாங்கினேன். நீலக் கதிரைகள் முதன்முதலாக ஏறியது ஒரு செத்தவீட்டுக்கு. அத்தோடு அவற்றின் தலைவிதி முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு கலியாண வீட்டுக்காரர் எவரும் நீலத்தைத் தொடவில்லை. சிவப்பு நல்லதுக்கு, நீலம் கெட்டதுக்கு என்று ஆகிவிட்டது. வாடிக்கையாளரின் நம்பிக்கையோடு வாதாடினால் கதிரைகள் கடையிலேயே இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். நானும் வாதாடவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஹனீபா நானா மகளின் கலியாணத்துக்குக் கதிரை பேச வந்தார். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் கடை போட்டிருக்கிற மனிதர். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நீலத்தைக் காட்டினார். அது செத்தவீட்டுக்குப் போகிற கதிரை என்று நேர்மையாகச் சொன்னேன். அவர் ஒன்றை இழுத்துப் போட்டு அதிலே இருந்து, ஆட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்கட ஆக்களுக்கு நிறத்தில பயம். எங்கட ஆக்களுக்குப் பிரியாணி பத்தாமப் போறதிலதான் பயம். நீலத்தையே ஏத்துங்க தம்பி."

நல்ல காரியம், கெட்ட இடம்

தம்பிராசா அண்ணை கண்டாவளைப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரின் சுடலைச் சங்கத் தலைவர். சுடலை பிரதேச சபைக்குச் சொந்தம். ஆனால் பற்றை வெட்டுவது, வேலி அடைப்பது, மழைக்கு ஒதுங்க ஒரு மண்டபம் கட்டுவது எல்லாம் சங்கத்தின் வேலை. வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்களை விடாமல் பிடித்து அந்த மண்டபத்தைக் கட்டி முடித்தவர் அவர்தான். திறப்புவிழாவுக்குக் கதிரை கேட்டு ஆள் அனுப்பினார். என்ன நிறம் என்று கேட்டேன். வந்தவர் சங்கத்தைக் கேட்டு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டார்.

சங்கம் கூடிப் பேசியிருக்கிறது. விழாவுக்குச் சிவப்பு வேண்டும் என்று ஒரு பகுதி. சுடலைக்குள் போன சிவப்புக் கதிரை பிறகு கலியாண வீட்டுக்கு எப்படிப் போகும் என்று மறுபகுதி. கடைசியில் தலைவரே கடைக்கு வந்தார். எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருக்கிற முகம் அவருக்கு. "திறப்புவிழா நல்ல காரியம், இடந்தான் கெட்ட இடம்," என்றார். "பிரமுகர் இருக்கிற முன்வரிசைக்குச் சிவப்பு. பின்னுக்கு இருக்கிற எங்களுக்கு நீலம் காணும்."

போராட்டத்துக்கு வந்த கதிரைகள்

கலியாணமும் இல்லாமல் செத்தவீடும் இல்லாமல் கதிரை எடுக்கிறவர்கள் காணிப் போராட்டக்காரர்கள். றோட்டோரத்தில் தறப்பாள் கட்டி, படையினர் வைத்திருக்கிற தங்கள் காணியை விடச் சொல்லி நாட்கணக்கில் இருப்பார்கள். ஒருநாள் அங்கே முறிந்த கதிரைகளை மாற்றப் போனபோது, தம்பிராசா அண்ணை முன்னுக்கு இருந்தார். தமையனின் வளவு படையினரின் வேலிக்குள்ளே மாட்டியிருந்தது. மழைத் தூறலில் அவருடைய சேட்டு நனைந்து ஒட்டியிருந்தது.

எத்தனை தரம்தான் கேட்பீர்கள் என்று கேட்டேன். அவரை எழுப்பிக் கதிரையை மாற்றும் சாட்டில் கேட்ட கேள்விதான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். "கும்பிட்டுக் கேட்டு வாங்கிறது உரிமையில்லைத் தம்பி. தொகையில குறைஞ்ச ஆக்கள் நெடுக மற்றவையின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டோ சீவிக்கிறது?"

எல்லாரும் வந்தார்கள்

தம்பிராசா அண்ணையின் ஊரில் கிணறு கட்டுகிற யோகநாதன் மாரடைப்பில் செத்துப்போனார். நீலக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போனேன். யோகநாதனும் மனைவி செல்வராணியும் சைவமாய் இருந்து, பல வருடங்களுக்கு முன் ஜெபவீடு என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்கள். ஊரில் ஜெபவீட்டுக்குப் போகிற குடும்பங்கள் மிகக் கொஞ்சம். அங்கே ஜெபம் நடத்துகிறவரை முகத்துக்கு நேரே பாஸ்ரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரையும் சேர்த்து அல்லேலூயாக் கூட்டம் என்பார்கள். செல்வராணிக்கு ஒரே ஒரு விருப்பம். சைவமாய் இருந்த காலத்தில், கைக்குழந்தையாகவே போய்விட்ட மூத்த மகன் அந்தச் சுடலையில்தான் கிடக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் தகப்பனையும் புதைக்க வேண்டும்; எங்கள் பேச்சில், தாழ்க்க வேண்டும். யோகநாதனும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தாராம்.

சங்கம் மறுத்துவிட்டது. எரிக்கிற சுடலையில் பெரிய ஆட்களைத் தாழ்க்கிற வழக்கம் இல்லை என்றார்கள். செத்தவீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று எண்ணி, பாதிக் கதிரைகளை லான்மாஸ்ரர் வண்டியிலேயே விட்டிருந்தேன். ஆனால் ஊர் முழுவதும் வந்தது. அயலார் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி கொடுத்தார்கள். மறுத்த சங்கத்தார் எல்லோரும் என் கதிரைகளில்தான் இருந்தார்கள். கொட்டகைக்குக் கயிறு இழுத்துக் கட்டியதே தம்பிராசா அண்ணை. மறுத்தவர் ஏன் உதவுகிறார் என்று எனக்கு அறிய ஆசையாக இருந்தது. கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "ஆளோட எனக்கென்ன கோவம்? என்ர கிணறும் அவன் கட்டினதுதான். எரிக்கிறதெண்டா விறகு முழுக்க நான் தாறன். தாழ்க்கிறதெண்டாத்தான் ஏலாது."

அழ விடாத வீடு

ஜெபவீட்டுக்காரர் கிற்றாரோடு வந்து பாடினார்கள். அழகாகப் பாடினார்கள். இடையிடையே இளம் பாஸ்ரர் எழும்பி, அழவேண்டாம், சகோதரன் நித்திரையில்தான் இருக்கிறார், மறுபடியும் காண்போம் என்று சொன்னார். செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அயல் பெண்கள் கூட்டமாக உள்ளே போனார்கள், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க. ஒப்பாரி தொடங்குகிற நேரமெல்லாம் பாட்டும் தொடங்கியது.

அவர்கள் திரும்பி வந்து கொட்டகைக்குள் இருந்தபோது எல்லோருடைய முகத்திலும் ஒரு குறை. பாட்டுப் பிடிக்கவில்லையா என்று விசாரித்தேன். அவர்களில் மூத்தவ சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு சொன்னா: "பாட்டு நல்ல பாட்டுத்தான். ஆனா செத்தவீட்டில அழ விடாட்டி நாங்கள் என்னத்துக்கு வந்தனாங்கள்?"

சேமக்காலையில் இடம்

முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து விற்கிற அந்தோனி அண்ணர் அந்த வீட்டுக்கும் மீன் கொடுக்கிறவர், கத்தோலிக்கர். அவரும் வந்திருந்தார். பாஸ்ரருக்கு ஒரு யோசனை. எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரின் கல்லறைக் காணியைச் சேமக்காலை என்போம். அங்கே ஒரு துண்டு நிலம் கிடைக்குமா என்று அந்தோனி அண்ணரைக் கேட்டார். பார்க்கப்போனால் இரண்டு பேரும் ஒரே யேசுவைக் கும்பிடுகிறவர்கள்.

அந்தோனி அண்ணர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. பங்குச் சாமியாரைக் கேட்க வேண்டும், பங்கு மக்களைக் கேட்க வேண்டும் என்று விரல் மடக்கினார். பிறகு செல்வராணி கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், மனதில் உள்ளதைச் சொன்னார்: "யோகன் நல்ல மனுசன். ஆனா சைவத்தால வெளிக்கிட்டு எங்கட கோயில் வாசலைத் தாண்டியெல்லோ அங்க போனவர்? உயிரோட ஒருநாள் வராத ஆளை இப்ப தூக்கிக்கொண்டு வரச் சொல்லுறியளோ?"

சம்பந்தியும் பாயும்

அடக்கம் தள்ளிப்போனது. பாஸ்ரர் பிரதேச சபைக்குப் போனார். சங்கத்தார் வீட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தார்கள். பிரேதம் கூடத்திலேயே இருந்தது. எனக்கு ஒரு தனிக் கவலை. மறுநாள் நீலக் கதிரைகள் ஹனீபா நானாவின் மகளின் கலியாணத்துக்குப் போகவேண்டும். சிவப்பு முழுவதும் வற்றாப்பளைப் பக்கம் ஒரு நல்ல காரியத்துக்குப் போயிருந்தது. ஒரு மனிதனைப் புதைக்க இடமில்லாத நேரத்தில் கதிரைக்காகக் கவலைப்படுவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்; வாக்குக் கொடுத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு அது தெரியும்.

தொலைபேசியில் ஹனீபா நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் அவருடைய வாப்பா மௌத்தானாராம். மையங்களை அடக்குகிற மையவாடி எது, காடு எது என்று பிரித்தறிய முடியாமல் கிடந்ததாம். "பத்தை வெட்டி முடியிற வரைக்கும் வாப்பா பந்தலுக்குக் கீழ கிடந்தார்," என்றார். பிறகு, நான் கேட்காமலே, பள்ளிவாசலில் பாய் எடுத்துச் சமாளிப்பதாகச் சொல்லி முடித்தார்: "மையத்தைக் காக்க வைக்கிறதுதான் பிழை தம்பி. என்ர சம்பந்தி பாயில இருந்தா ஒண்டும் குறையமாட்டார்."

உரிமை வந்தது, மண்வெட்டி வரவில்லை

பிரதேச சபையிலிருந்து ஓர் அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். அது பொது மயானம். எரிக்கலாம், தாழ்க்கலாம். எந்தச் சமயத்தவருக்கும் உரிமை உண்டு. மறுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். தம்பிராசா அண்ணையும் ஆட்டினார். ஆனால் எங்கள் ஊர்களில் சுடலை வேலையை ஊர் ஆண்கள்தான் செய்வார்கள். கூலிக்குப் பிடிக்கிற வழக்கம் இல்லை. சங்கம் ஓம் என்னாமல் ஒருவரும் மண்வெட்டியைத் தொடமாட்டார். இதை அந்த அலுவலரிடம் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார்: "உரிமை இருக்கெண்டு சொல்லத்தான் என்னை அனுப்பினவை. மண்வெட்டி தந்து அனுப்பேல்லை."

பாஸ்ரர் வவுனியாவிலிருந்து ஜெபவீட்டு வாலிபரைக் கூப்பிடலாம் என்றார். பொலிசைக் காவலுக்கு வைத்துக் குழி வெட்டலாம், சட்டம் எங்கள் பக்கம் என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கூடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வராணிதான் வேண்டாம் என்றாள். "பொலிசு பின்னேரம் போயிடும் பாஸ்ரர். நான் நாளைக்கும் இந்த ஊரிலதான் தண்ணி அள்ளோணும்."

தலைவரின் கணக்கு

அலுவலர் போன பிறகு தம்பிராசா அண்ணை தனியே இருந்தார். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு நானும் இருந்தேன். ஒரு மனிதன் காணிப் போராட்டத்தில் மழைக்குள்ளும் இருக்கிறான், கிணறு கட்டிய ஆளுக்கு ஆறடி நிலம் விடமாட்டேன் என்கிறான். இரண்டும் ஒரே ஆள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எப்படி ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கின்றன என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதனால் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "இண்டைக்கு ஒரு கிடங்கு வெட்டுவினம். நாளைக்கு ஒரு சிலுவை நடுவினம். அடுத்த வருசம் மதில் கட்டுவினம். கொஞ்சங் கொஞ்சமாய் இடம் போறதெப்பிடியெண்டு பார்த்த ஆள் நான், தம்பி. அந்தப் பயம் ஆரைக் கண்டாலும் வருகுது."

இரண்டு தாய்கள்

தம்பிராசா அண்ணையின் மனைவி சிவபாக்கியம் அக்கா காலையிலிருந்து குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. வெளியே வந்து, செல்வராணிக்குப் பக்கத்தில் இருந்தா. சங்கத்தார் திரும்பவும் வழக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். எரிக்கிற சுடலையில் தாழ்ப்பதில்லை என்று ஒருவர் சொன்னபோது செல்வராணி நிமிர்ந்து தம்பிராசா அண்ணையைப் பார்த்தாள். "என்ர மூத்தவனைத் தாட்டதுதானே? எரிக்கேல்லைத்தானே? அண்ணைதானே தூக்கிக்கொண்டு போனவர்?" என்றாள். உண்மைதான். எங்கள் வழக்கப்படி கைக்குழந்தைகளை எரிப்பதில்லை. சுடலையின் ஒரு மூலையில் புதைப்போம். தம்பிராசா அண்ணை இறங்கிய குரலில், "அது பச்சைப் பிள்ளை, அதுக்கேது சமயம்?" என்றார்.

அப்போதுதான் சிவபாக்கியம் அக்கா வாய் திறந்தா. அவவுக்கும் ஒரு குழந்தை அந்த மூலையில் கிடக்கிறது. எங்கள் சைவப் பெண்கள் சுடலைக்குள் போவதில்லை, அதன் வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். பெற்ற பிள்ளை கிடக்கிற இடத்தை அவ ஒருநாளும் கண்டதில்லை. செல்வராணியைப் பார்த்து, "உங்கட ஆக்களில பொம்பிளையளும் உள்ளுக்குப் போறதோ?" என்று கேட்டா. போவோம் என்றாள் செல்வராணி. சிவபாக்கியம் அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, புருசனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னா: "அப்ப நீ உன்ர மனுசனைக் கொண்டு போற நேரம், என்ர பிள்ளை கிடக்கிற இடத்தையும் ஒருக்கால் பார்த்து வந்து சொல்லு. இந்த மனுசன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

மண்வெட்டி

தம்பிராசா அண்ணை எழும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று சங்கத்தார் பின்னால் ஓடினார்கள். அவர் நேரே தன் வீட்டுக்குப் போய், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். றோட்டில் நின்றபடியே நிபந்தனைகளைச் சொன்னார். சிலுவை சின்னதாய் இருக்கவேண்டும். மதில் கட்டக்கூடாது. மைக் வேண்டாம். பாஸ்ரர், பாடலாமா என்று கேட்டார். வாயால் பாடினால் ஆர் தடுப்பது என்றார் தலைவர்.

சங்கத்தில் எல்லோரும் சம்மதித்தார்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டொருவர் அன்றோடு சங்கத்தை விட்டுவிட்டார்கள். ஒருவர் கொட்டகைக்குள் இருந்த தன் சால்வையை எடுத்து உதறிக்கொண்டு, வழக்கத்தை மாற்றத் தலைவருக்கு ஆர் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். கேட்டது சரியான கேள்விதான். தலைவர் நடந்துகொண்டே பதில் சொன்னார்: "வழக்கத்தை மாத்தேல்லையடாப்பா. அந்த மூலையில தாழ்க்கிறது எங்கட வழக்கந்தான். ஆள்தான் கொஞ்சம் வளர்ந்திட்டுது."

பாலை மரத்தடி

கொட்டகையைக் கழற்றாமல் விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். ஜெபவீட்டுப் பெண்கள் வெள்ளைச் சேலையோடு பிரேதத்துக்குப் பின்னால் பாடிக்கொண்டு நடந்தார்கள். ஊர்ப் பெண்கள் வழக்கம்போல் சுடலைப் படலையடியில் நின்றார்கள். சிவபாக்கியம் அக்காவும் நின்றா. பிறகு நிற்கவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைச் சேலைகளுக்குள்ளே புகுந்து உள்ளே போய்விட்டா. ஒருவரும் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது என்று யோசிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

யோகநாதனை மகனுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். முதல் மண்ணைச் செல்வராணி போட்டாள். எல்லோரும் போட்டு முடிந்ததும் தம்பிராசா அண்ணை மண்வெட்டியை ஊன்றிவிட்டு, மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் நாலடி தள்ளியிருந்த பாலை மரத்தடிக்குப் போய் நின்றார். அங்கே ஓர் அடையாளமும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஒரு சருகும் கிடக்கவில்லை. யாரோ அடிக்கடி கூட்டி வைத்திருக்கிற நிலம். சிவபாக்கியம் அக்கா அந்த நிலத்தைப் பார்த்தா. திரும்பிப் படலையைப் பார்த்தா. அங்கே நின்ற பெண்களின் முகம் ஒவ்வொன்றும் தெரிந்தது. அழவில்லை. ஆச்சரியப்பட்டவபோலச் சொன்னா: "இவ்வளவு கிட்டவோ? நான் எங்கையோ தூரத்தில கிடக்குதெண்டெல்லோ இருந்திட்டன்."

பலவிதமான சனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது என் தொழில், அது ஒரு லான்மாஸ்ரர் கதிரையோடு முடிந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைப்பதற்குத்தான் எங்களுக்கு இவ்வளவு கூட்டம் கூட வேண்டியிருக்கிறது.